பதினோரு மாதம்

ஜனவரி 6, செவ்வாய்

வழக்கறிஞர் தேன்மொழி சொன்னதால் எழுதுகிறேன். மற்றபடி டைரி எழுதுகிற ஆளில்லை நான். "அண்ணே, ஞாபகம் வர்றதையெல்லாம் தேதி போட்டு எழுதி வைங்க. மூணாவது மனுவுக்கு உங்க வாக்குமூலம்தான் முக்கியம்" என்றார். டயர் கடையில் இனாமாகக் கொடுத்த டைரி ஒன்று கிடந்தது, எடுத்துக்கொண்டேன்.

பெயர் தனபாலன், தகப்பனார் வீராசாமி. வயது ஐம்பத்து மூன்று. பிறந்தது காப்பார் பக்கம் ஒரு தோட்டத்தில். மலேசியக் குடிமகன். கிள்ளானில் பள்ளி வேன் ஓட்டுகிறேன். பதினெட்டுப் பிள்ளைகள். அவர்களுக்கெல்லாம் நான் 'வேன் அங்கிள்'. சொந்தப் பெயரே மறந்துவிடும்போல் இருக்கிறது சில நாள்.

மனைவி அமிர்தவல்லி. அறந்தாங்கிக்காரி. இங்கே ஒரு கையுறைத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவள். கையில் இன்றைக்கும் இந்தியப் பாஸ்போர்ட்தான்.

மகள் லோஷினி. ஒரே பிள்ளை. கிள்ளானில் பிறந்தாள், கிள்ளானில் படித்தாள், கிள்ளானை விட்டால் பினாங்குக்கு ஒரு தடவை போயிருக்கிறாள். அவள் இந்த நாட்டுக் குடிமகள் இல்லை. எந்த நாட்டுக்கும் இல்லை. எங்கள் கல்யாணம் பதிவான தேதிக்குப் பதினோரு மாதம் முன்பே பிறந்துவிட்டாள். பதிவுக்கு முன் பிறந்த பிள்ளைக்குச் சட்டத்தில் அப்பா கிடையாது, அம்மா மட்டும்தான். அம்மா வெளிநாட்டுக்காரி, அதனால் பிள்ளையும் வெளிநாட்டுக்காரி. இந்தியாவைக் கேட்டால், பிறந்த ஒரு வருஷத்துக்குள் தூதரகத்தில் பதிந்திருக்க வேண்டும் என்கிறார்கள்.

ஏன் பதிவு தாமதமானது? தொழிற்சாலை முதலாளி அமிர்தத்தின் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டான். பாஸ்போர்ட் இல்லாமல் பதிவு செய்ய முடியவில்லை. இதுதான் காரணம். இரண்டு மனுவிலும் இதைத்தான் எழுதினேன். இரண்டும் திரும்பி வந்துவிட்டன.

ஆகஸ்ட் 9 அன்று லோஷினிக்கு இருபத்தொன்று முடிகிறது. அதற்குள் மூன்றாவது மனு உள்ளே போக வேண்டும். அதற்குப் பிறகு மனு போடவே முடியாதாம்.

ஜனவரி 11, ஞாயிறு

வேனுக்கு பிரேக் கட்டை மாற்றினேன். வேறு விசேஷம் இல்லை.

ஜனவரி 24, சனி

லோஷினி வேலை செய்யும் போட்டோஸ்டாட் கடைக்குப் போயிருந்தேன், வேனில் ஒட்டும் பெயர்ப்பட்டியல் எடுக்க. வரிசையில் நாலு பேர். எல்லார் கையிலும் ஐசி, அதுதான் அடையாள அட்டை. அவள் ஒவ்வொன்றாக வாங்கி, முன்பக்கம் பின்பக்கம் ஒரே தாளில் வருகிற மாதிரி எடுத்துக் கொடுக்கிறாள். ஒரு நாளைக்கு நூறு ஐசியாவது அவள் கை வழியாகப் போகும்.

ஒரு கிழவர், "மகளே, என் மூஞ்சி கறுப்பா விழுந்திருக்கே" என்றார்.

"ஐசில இருக்கிறதுதான் ஐயா விழும். நான் பவுடர் போட முடியுமா?" என்றாள். கடையே சிரித்தது. வாய் என்னைக் கொண்டிருக்கிறது. தாதியர் படிப்பு படித்திருக்க வேண்டிய பிள்ளை. தேர்வில் எட்டு ஏ. கல்லூரிக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்தால், ஐசி எண் போடாமல் அடுத்த பக்கம் போக முடியவில்லை. அன்றைக்கு மூன்று தடவை முயன்றுவிட்டுக் கம்ப்யூட்டரை அணைத்தாள். அழவில்லை. அம்மாவைப் பார்த்து, "ஒங்க பாஸ்போர்ட்டு செஞ்ச வேல" என்றாள். அமிர்தம் மீன் கழுவிக்கொண்டிருந்தாள், கழுவிக்கொண்டே இருந்தாள்.

பிப்ரவரி 7, சனி

மூவரும் தேன்மொழி அலுவலகம் போனோம். கடைவீட்டு மாடி, ஒரே ஒரு மின்விசிறி. எங்களுக்கு முன்னால் ஒரு பெண் அழுதுகொண்டே இறங்கிப் போனாள். சந்தோஷ அழுகையாம். குழந்தையாக பஸ் நிறுத்தத்தில் கிடந்தவள், யாரோ எடுத்து வளர்த்தார்கள், இப்போது குடியுரிமை கிடைத்துவிட்டது. பெற்றவர் யாரென்றே தெரியாத பிள்ளையை இந்த நாட்டுப் பிள்ளை என்று எடுத்துக்கொள்ள வழி இருக்கிறதாம்.

லோஷினி கேட்டாள்: "அப்போ இவங்க ரெண்டு பேரும் என்னைய பஸ் ஸ்டாப்புல போட்டுட்டுப் போயிருந்தா எனக்கு ஐசி கெடைச்சிருக்குமா மிஸ்?"

தேன்மொழி கோப்பைத் திறந்தார். என்னிடம், "அண்ணே, பாஸ்போர்ட் முதலாளிகிட்ட இருந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க. அக்காவோட பழைய பாஸ்போர்ட்ல அந்த வருஷமே ரெண்டு முத்திர இருக்கு. ஊருக்குப் போயிட்டு வந்திருக்காங்க. அப்போ பாஸ்போர்ட் அவங்க கையிலதானே இருந்திருக்கு?" என்றார்.

இருபது வருஷத்துக்கு முந்தைய சமாச்சாரம், யாருக்கு ஞாபகம் என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

கல்யாணப் பதிவின் முழு விவரத் தாள் வேண்டுமாம். இருக்கிற பத்திரம் போதாதாம். நானே நேரில் போய் வாங்க வேண்டுமாம். வாங்கித் தருகிறேன் என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் அமிர்தம், "சொல்லிருங்களேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எதை என்று நான் கேட்கவில்லை.

பிப்ரவரி 19, வியாழன்

பதிவு இலாகாவுக்குப் போக நேரமில்லை. பிள்ளைகளுக்கு விளையாட்டுப் போட்டிப் பயிற்சி, மாலை இரண்டு நடை.

மார்ச் 4, புதன்

நேரமில்லை.

மார்ச் 8, ஞாயிறு

பாசாரில் மீன் வாங்கப் போனவன் வாங்காமல் வந்துவிட்டேன். இந்திராணி நின்றுகொண்டிருந்தாள். தலை நன்றாக நரைத்துவிட்டது. புருஷன்போல ஒருவர் பை பிடித்துக்கொண்டு நின்றார். அவள் என்னைப் பார்க்கவில்லை. வேனைச் சுற்றுச் சாலை வழியாக ஓட்டி வந்தேன். மீன் எங்கே என்று அமிர்தம் கேட்டாள். கெட்டுப்போன மீன் என்றேன்.

இந்திராணி யார் என்று இந்த டைரிக்குத் தேவையில்லை.

மார்ச் 22, ஞாயிறு

நல்ல நாள். எழுதவே சந்தோஷமாக இருக்கிறது. பிரவின்ராஜும் அவன் அம்மா புவனாவும் வீட்டுக்கு வந்தார்கள். பையன் லிப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் இருக்கிறான். ஐந்தடி நாலங்குலம், சத்தம் போட்டுப் பேசத் தெரியாது. லோஷினியோடு மூன்று வருஷப் பழக்கம், எனக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருந்தேன். அமிர்தம் உளுந்து வடை சுட்டாள்.

"அண்ணே, ஒளிச்சு மறைச்சுப் பேசல. மகளோட ஐசி வெவகாரம் எங்களுக்குத் தெரியும். அது வர்றப்ப வரட்டும். ஆவணியில கோயில்ல தாலியக் கட்டிருவோம். பதிவ அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் புவனா.

எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. "அதுக்கென்னம்மா, சாமி முன்னால கட்டினாத்தான கல்யாணம். தாளுல எழுதுறதா கல்யாணம்?" என்றேன்.

லோஷினி வடையைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கம் என்று நினைத்தேன். அமிர்தம் எழுந்து அடுக்களைக்குள் போனவள் அவர்கள் கிளம்பும்வரை வெளியே வரவில்லை.

ஏப்ரல் 10, வெள்ளி

விவரத் தாளை வாங்கிவிட்டேன். கவுண்டரில் பத்து நிமிட வேலை. உறையைப் பிரிக்கவில்லை. என்ன எழுதியிருக்கும் என்று எனக்குத் தெரியாதா. வேனில் ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் வைத்திருக்கிறேன், பத்திரமாக இருக்கட்டும்.

தேன்மொழி போன் செய்தார். இன்னும் வரவில்லை, கவுண்டரில் கூட்டம் என்றேன்.

ஏப்ரல் 21, செவ்வாய்

வேனில் வரும் ஆறாம் வகுப்புப் பிள்ளை யாழ்நிலாவுக்கு ஐசி வந்துவிட்டது. பன்னிரண்டு வயசு. வேன் முழுக்கக் காட்டினாள். பின்னால் இருந்த வாண்டுகள் எல்லாம் தொட்டுப் பார்த்தன. "அங்கிள், நீங்களும் பாருங்க, நான் சிரிக்கவே இல்ல" என்று என் மூக்குக்கு நேரே நீட்டினாள். சிவப்பு விளக்கில் நிறுத்தி வாங்கிப் பார்த்தேன்.

லோஷினிக்கும் பன்னிரண்டு வயசில்தான் தெரிந்தது. அதுவரை அவளுடைய பிறப்புப் பத்திரத்தில் குடிமகள் என்றுதான் இருந்தது. புதுச் சட்டை போட்டு, இரட்டைச் சடை பின்னி, ஐசி எடுக்க அழைத்துப் போனோம். கவுண்டரில் இருந்த பெண் அதிகாரி இரண்டு பத்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பிறப்புப் பத்திரம் எடுத்தபோது நான் கொடுத்த கல்யாணத் தேதி ஒன்று, கல்யாணப் பத்திரத்தில் இருக்கிற தேதி வேறு. அதிகாரி கெட்டவர் இல்லை. இரண்டு தடவை பார்த்தார். எழுந்து போய் வேறொருவரையும் அழைத்து வந்தார். பிறகு பிள்ளையின் பத்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டு, 'குடிமகள் அல்லர்' என்று வேறு பத்திரம் கொடுத்தார்கள்.

அவள் பிறப்பைப் பதிந்த படிவத்தில் கல்யாணத் தேதி என்று கேட்டிருந்தது. நான் தாலி கட்டிய தேதியை எழுதினேன். ஆதாரமாகக் கோயில் கமிட்டி கொடுத்த சான்றிதழ், முருகன் படம் போட்டது, செயலாளர் முத்திரை வைத்தது, லேமினேட் செய்து வைத்திருந்தேன். அது வெறும் கோயில் தாள், அரசாங்கப் பதிவு இல்லை. தெரியும். தாலி கட்டிய நாளைக் கல்யாண நாள் என்று எழுதாமல் வேறென்ன எழுதுவான் மனுஷன்?

திரும்பி வரும்போது வேனில் லோஷினி கேட்டாள்: "அப்போ நான் எந்த ஊருப்பா?"

நான் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அமிர்தம்தான், "அம்மா பாஸ்போர்ட்டால வந்த தப்புடா கண்ணு. எம்மேல கோவிச்சுக்க" என்றாள்.

மே 3, ஞாயிறு

தேன்மொழி மறுபடியும் போன். இன்னும் கூட்டம் என்றேன்.

மே 17, ஞாயிறு

லோஷினி இன்று வேனைச் சுத்தம் செய்தாள். நான் கேட்கவில்லை, அவளாகத்தான் பக்கத்து வீட்டுத் தூசி உறிஞ்சும் வேக்கும் மெஷினை வாங்கிக்கொண்டு இறங்கினாள். எனக்கு அப்போது உறை ஞாபகம் வரவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

மே 18, திங்கள்

சாயங்காலம் வேலை முடிந்து வந்தவள் மேசையில் நாலு கட்டுத் தாள் வைத்தாள். ஒவ்வொன்றும் கிளிப் போட்டது. "மிஸ் நாலு செட் கேட்டாங்க" என்றாள். மேல் தாள் அந்த விவரத் தாள். 'மணமகனின் முந்தைய நிலை' என்ற வரிக்கு எதிரே, விவாகரத்தானவர். அதற்குக் கீழே விவாகரத்துத் தீர்ப்பு இறுதியான தேதி. லோஷினி பிறந்து பத்து மாதம் கழித்து.

போட்டோஸ்டாட் மெஷினில் வைக்கும்போது பார்த்திருக்கிறாள். நாலு தடவை அந்த வெளிச்சம் அதன்மேல் ஓடியிருக்கும்.

என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை. அடுக்களைக்குள் போனாள். நான் கூடத்திலேயே இருந்தேன், எல்லாம் கேட்டது.

"ஒம்போது வருஷமா ஒங்களத்தானம்மா திட்டினேன்."

அமிர்தம் ஏதோ மெதுவாகச் சொன்னாள்.

"ஒங்கக்கிட்ட நேரா நின்னு பேசி எத்தன வருஷமாச்சு தெரியுமா? ஒங்க கையால சடை பின்ன மாட்டேன்னு சொன்னேன். ஏம்மா சொல்லல?"

"யாரையாவது நீ திட்டணும்ல. அவரத் திட்டுனா அவரு தாங்க மாட்டாரு. நான்னா தாங்குவேன்."

கொஞ்சம் பொறுத்து எழுந்தேன். எட்டிப் பார்த்தேன். அடுப்புப் பக்கத்தில் லோஷினி தரையில் உட்கார்ந்து அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டிருந்தாள். அமிர்தத்தின் ஒரு கையில் கரண்டி, இன்னொரு கை பிள்ளையின் தலையில். நான் வாசலில் நிற்பதை இருவரும் பார்த்தார்கள். யாரும் வா என்று சொல்லவில்லை.

மே 19, செவ்வாய்

வேன் ஓட்டினேன். தாமான் குடியிருப்புப் பிள்ளைகளை ஏற்ற மறந்து பள்ளிவரை போய்த் திரும்பினேன். பெற்றோர்கள் திட்டினார்கள்.

ஜூன் 2, செவ்வாய்

எழுதிவிடுகிறேன். யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

இந்திராணி என் முதல் மனைவி. பதிவு செய்த கல்யாணம். மூன்று வருஷம் சேர்ந்திருந்தோம், தினமும் சண்டை. நான் கை நீட்டியதில்லை. ஆனால் என் வாய் கையைவிட மோசம். ஒரு நாள் அண்ணன் வீட்டுக்குப் போனாள், திரும்பி வரவில்லை. ஆறு மாதம் கழித்து, இருவரும் சேர்ந்து மனுப் போட்டுப் பிரிந்துவிடலாம் என்று தாள் அனுப்பினாள். என் கையெழுத்து ஒன்றுதான் தேவை. அவள் அண்ணன் அதைக் காப்பாரில் நான் தேநீர் குடிக்கும் சாலையோர ஒட்டுக்கடைக்கு எடுத்து வந்து, பேனாவையும் திறந்து கொடுத்தார். கடையில் தெரிந்தவர்கள் ஏழெட்டுப் பேர். ஓடிப்போனவள் சொன்ன இடத்தில் நான் கையெழுத்துப் போடுவதா என்று அவர் கண் முன்னாலேயே கிழித்துப் போட்டேன். அடுத்த வருஷம் மறுபடியும் வந்தது. அதையும் கிழித்தேன். அவள் நேரில் வந்து, தப்பு என்னுடையது என்று சொல்லட்டும், அப்போது போடுகிறேன் என்றேன். வீம்பு. வேறெதுவும் இல்லை, வெறும் வீம்பு.

பிறகு அமிர்தத்தைப் பார்த்தேன். அவளிடம் எல்லாம் முடிந்துவிட்டது என்று சொன்னேன். கோயிலில் தாலி கட்டினேன். பதிவு எப்போது என்று அவள் கேட்கும்போதெல்லாம் அடுத்த மாதம் என்றேன். அவள் வயிற்றில் பிள்ளை ஆறு மாதம் ஆனபோதுதான் உண்மையைச் சொன்னேன். அன்றைக்கே இந்திராணியின் அண்ணன் வீட்டுக்கு நானே ஓடினேன், கையெழுத்துப் போடுகிறேன் தாளைக் கொடுங்கள் என்று. அவர் பழையபடி ஒழுங்காகவே நடந்துகொண்டார். மனு, விசாரணை, தீர்ப்பு, தீர்ப்பு இறுதியாக இன்னும் மூன்று மாதம். கோர்ட் எனக்காக ஓடவில்லை. பிள்ளை பிறந்துவிட்டது.

அந்தப் பேனாவை முதல் தடவையே வாங்கியிருந்தால் லோஷினி இப்போது தாதியாக இருப்பாள்.

ஜூன் 20, சனி

தேன்மொழியிடம் எல்லாம் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "ரெண்டு மனுவிலயும் பொய் எழுதிக் கொடுத்திருக்கோம் அண்ணே. நானும் சேந்து கொடுத்திருக்கேன்" என்றார். அவ்வளவுதான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், வெகுநேரம் துடைத்தார்.

பொய்யால்தான் தள்ளினார்களா என்று கேட்டேன். தெரியாது, காரணம் சொல்லமாட்டார்கள் என்றார்.

ஜூலை 4, சனி

புவனாவும் பிரவின்ராஜும் வந்திருந்தார்கள். மண்டபம் பார்த்துவிட்டார்களாம், ஆவணியில் இரண்டு முகூர்த்தம், எது வசதி என்று கேட்க வந்தார்கள்.

லோஷினி தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு நேராக அவர்கள் முன்னால் உட்கார்ந்தாள்.

"அத்த, எனக்கு ஐசி இல்லாம கல்யாணத்தப் பதிவு பண்ண முடியாது. பதிவு பண்ணாம தாலி மட்டும் கட்டினா, எங்களுக்குப் பொறக்கிற பிள்ளைக்குச் சட்டத்துல அப்பா இல்ல. நான் மட்டுந்தான். நான் யாரு? நான் ஒண்ணுமில்ல. அதுவும் ஒண்ணுமில்லாமத்தான் இருக்கும். மிஸ்கிட்ட கேட்டுட்டேன்."

"அதெல்லாம் பிள்ள வர்றதுக்குள்ள கெடைச்சிரும்மா" என்றார் புவனா.

"எங்கப்பாவும் அப்பிடித்தான் நெனைச்சாரு."

பிரவின்ராஜ், "நான் காத்திருக்கேன்" என்றான். அவள், "ஐசி வந்தா வா. வரலன்னா வராத. இது என்னோட நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். தேநீர் அப்படியே ஆறிப்போனது. எனக்கு அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் என்று இருந்தது.

ஜூலை 14, செவ்வாய்

சத்தியப் பிரமாணத்தில் கையெழுத்துப் போட்டேன். தேன்மொழி வரிவரியாக வாசித்தார், ஆணையர் முத்திரை வைத்தார். இந்திராணி பெயர், ஒட்டுக்கடை, கிழித்த தாள், பொய்த் தேதி, இரண்டு பொய் மனு, எல்லாம் இருக்கிறது. வாசிக்கும்போது லோஷினி என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். முடிந்ததும் பேனாவை மூடி என் சட்டைப் பையில் சொருகிவிட்டாள். மே மாதத்துக்குப் பிறகு அவள் என்னைத் தொட்டது அதுதான்.

ஜூலை 16, வியாழன்

மனுவை ஒப்படைத்துவிட்டோம். ரசீது கிடைத்தது. மூவரும் கடையில் பசியாறினோம். லோஷினி இரண்டு தோசை சாப்பிட்டாள்.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

லோஷினிக்கு இன்று இருபத்தொன்று.

செப்டம்பர் 12, சனி

அமிர்தம் தினமும் தலைமுடி பின்னிவிடுகிறாள். இருபத்தொரு வயசுப் பெண், போட்டோஸ்டாட் கடைக்குச் சின்னப்பிள்ளை மாதிரி இரட்டைச் சடையோடு போகிறாள். கடையில் கேலி செய்கிறார்களாம். செய்யட்டும் என்கிறாள். இருவரும் சமைக்கும்போது பேசிக்கொண்டே இருக்கிறார்கள். நான் உள்ளே போனால் பேச்சு நிற்பதில்லை. ஆனால் எனக்காகத் திரும்ப முதலிலிருந்து சொல்வதும் இல்லை.

அக்டோபர் 3, சனி

பிரவின்ராஜ் வந்து வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போனான். வேன் ஹார்னைச் சரிசெய்தேன்.

நவம்பர் 4, புதன்

தீபாவளிக்கு நாலு நாள். முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தோம், மாவு கையோடு நான்தான் கடிதத்தை வாங்கினேன். முன்னாலெல்லாம் மூன்று வருஷம் ஆகும். இந்த முறை மூன்றே மாதம் பத்தொன்பது நாள். சீக்கிரம் வந்தால் நல்ல செய்தியாகத்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டே பிரித்தேன்.

நாலே வரி. வருந்துகிறோம், தங்கள் மனு அங்கீகரிக்கப்படவில்லை. காரணம் இல்லை. கையெழுத்துகூட இல்லை, கம்ப்யூட்டரில் அச்சான கடிதம், கையெழுத்துத் தேவையில்லை என்று கீழே போட்டிருக்கிறது.

லோஷினி வாங்கி வாசித்தாள். "நாலு செட் எடுக்கணும்" என்றாள். மடித்துக் கைப்பையில் வைத்துவிட்டு வந்து, பாதியில் நின்ற முறுக்கைப் பிழிந்தாள். எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. முழு மாவையும் பிழிந்து முடித்தாள். யாருக்காக இத்தனை முறுக்கு என்று தெரியவில்லை.

உண்மையைச் சொன்னால் கிடைக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் நம்பிக்கொண்டேன்.

நவம்பர் 8, ஞாயிறு

தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்தோம். அமிர்தம் அழுதாள், நான் அழுதேன், லோஷினி வந்தவர்களுக்கு முறுக்குப் பரிமாறினாள்.

நவம்பர் 25, புதன்

பிரவின்ராஜுக்குப் பெண் பார்க்கிறார்களாம். புவனா போனில் அமிர்தத்திடம் அழுதுகொண்டே சொன்னாராம். நியாயம்தான். அவன் இரண்டு நாள் கடை வாசலில் வந்து நின்றிருக்கிறான். லோஷினி பின்வழியாக வீட்டுக்கு வந்திருக்கிறாள்.

டிசம்பர் 5, சனி

தேன்மொழி ஒரு வழி சொன்னார். குடியுரிமை இல்லை, வெறும் தங்கும் அனுமதி. வெளிநாட்டுக்காரர்கள் கேட்கிற மாதிரி கேட்க வேண்டும். கிடைத்தாலும் வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். கிடைக்கும் என்றும் சொல்ல முடியாது. ஆனால் சாலையில் போலீஸ் நிறுத்தினால் காட்ட ஒரு தாளாவது இருக்கும்.

விண்ணப்பத்தில் அப்பா பெயருக்கு ஒரு கட்டம் இருக்கிறது. அதை வெறுமையாக விடச் சொன்னார். "அப்பான்னு ஒங்க பேரப் போட்டா, பிறப்புக்கு முந்தின கல்யாணப் பத்திரத்த இணைன்னு திருப்பி அனுப்பிருவாங்க அண்ணே. மறுபடியும் அந்தப் பதினோரு மாசத்துலயே போய் நிக்கும்."

குடிமகன் ஒருவர் பிணை நிற்க வேண்டும். நான் நிற்கிறேன் என்றேன். அதற்குத் தடையில்லையாம்.

டிசம்பர் 12, சனி

லோஷினி படிவத்தை நிரப்பி எடுத்து வந்தாள். அழகான கையெழுத்து. அம்மா பெயர், அம்மாவின் நாடு, பாஸ்போர்ட் எண். அப்பா என்ற கட்டத்தில் சின்னதாக ஒரு கோடு. மூன்றாம் பக்கம் பிணையாளர். அதில் என் பெயர், என் ஐசி எண், வேன் பர்மிட் எண். 'விண்ணப்பதாரருக்கு என்ன உறவு' என்ற இடத்தை மட்டும் விட்டு வைத்திருந்தாள். பிணையாளரே தன் கையால் எழுத வேண்டுமாம். பக்கத்தில் தேன்மொழி பென்சிலில் எழுதிக் காட்டியிருந்தார்: தெரிந்தவர்.

மேசையில் வைத்து, பேனாவைத் திறந்து என்னிடம் கொடுத்தாள். அந்த ஒட்டுக்கடை ஞாபகம் வந்தது. வாங்கிக்கொண்டேன்.

பென்சில் எழுத்தின் மேலேயே எழுதினேன். கீழே கையெழுத்துப் போட்டேன், தேதி போட்டேன். இன்றைய தேதிதானா என்று சுவர் நாட்காட்டியில் பார்த்துவிட்டுத்தான் போட்டேன்.

அவள் தாளை எடுத்து மை காய ஊதினாள். ஒரு தடவை வாசித்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, வேனில் ஏறும் பிள்ளைகள் சொல்கிற அதே மாதிரி, "தேங்க்ஸ் அங்கிள்" என்றாள்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன். அடுக்களையில் அமிர்தம் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றுவிட்டது. லோஷினியின் சிரிப்பு முதலில் வாயிலிருந்து போயிற்று, பிறகு கண்ணிலிருந்து. "சும்மாதான்ப்பா" என்றாள். "சும்மா சொன்னேன்ப்பா." என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். சட்டை நனைந்தது. நான் அவள் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தேன். பிறந்த அன்று நர்ஸ் கொடுத்தபோதும் இப்படித்தான் தட்டினேன், வேறென்ன செய்வதென்று தெரியாமல்.

படிவத்தில் இரண்டு எழுத்து ஈரத்தில் கலைந்துவிட்டது. இன்னொன்று எழுத வேண்டும். திங்கட்கிழமை கொண்டு வருகிறேன் என்றிருக்கிறாள்.